மஸ்கட்டில் விட்ட கல்யாண மாலை

நீங்கள் இரண்டு பேரும் பார்த்த கடல் எல்லாம் நேராக இருக்கும். பூம்புகாரோ தரங்கம்பாடியோ திருமுல்லைவாசலோ, எங்கே போய் நின்றாலும் இந்தப் பக்கம் மணல், அந்தப் பக்கம் மணல், எதிரே தண்ணீர். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. தரங்கம்பாடியில் கோட்டைக்குப் பக்கத்தில் பாறை கிடக்கிறதே என்பீர்கள். அது லாரியில் வந்து இறங்கிய பாறை. நம் பக்கம் மண்ணைத் தோண்டினால் களி வரும், மணல் வரும், தண்ணீர் வரும். கல் வராது. நான் சிறுவனாக இருந்தபோது பெரிய கல் பார்க்க வேண்டும் என்றால் கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

நான் சொல்லப்போகும் கடல் வேறு. அது மஸ்கட்டில் இருக்கிறது. அங்கே மலை நேராகக் கடலுக்குள் இறங்கி நிற்கும். புல், பூண்டு எதுவும் இல்லாத, வெந்த செங்கல் நிறத்து மலை. அந்த மலைக்கு நடுவில் ஓரிடத்தில் மட்டும் கடல் சின்னதாக உள்ளே நுழைந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் பாறை கை நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில், ஒரு களத்துமேடு அளவுக்கு வெள்ளை மணல். அந்த மாதிரி இடத்துக்கு நம் ஊர்ப் பேச்சில் ஒரு சொல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் குடா என்று படித்திருக்கிறேன். அதனால் சின்னக் குடா என்றே வைத்துக்கொள்வோம். நானும் உங்கள் அம்மாவும் அங்கே ஒரே ஒரு காலைப் பொழுது இருந்தோம். கல்யாணமாகி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன முதல் வெளியூர் என்று பார்த்தால் அதுதான்.

அப்போது நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் எல்லாம் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவில் மட்டும் வீட்டுக்கு ஒருவர் வெளியே இருந்தோம். கேம்ப்பில் ஓர் அறைக்கு அடுக்குக் கட்டில் போட்டு எட்டுப் பேர். லீவில் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டேன். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் வாசனை போவதற்குள் திரும்பவும் விமானம் ஏறிவிட்டேன்.

புதுசாகக் கல்யாணமானவர்கள் கல்யாண மாலையைப் பத்திரமாக எடுத்து வைத்து, முதல் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட வேண்டும். இது உங்களுக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு அடுத்து வந்த ஆடியில் மேட்டூரைத் திறக்கவில்லை. ஆறு மணலாகக் கிடந்தது. தாராசுரம் பக்கம் உங்கள் அம்மா பிறந்த ஊரில், அரசலாற்று மணலில் குழி வெட்டி, பம்புசெட்டுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து நிரப்பி, பெண்கள் அதில் மஞ்சளும் பூவும் போட்டுச் சாமி கும்பிட்டார்கள். புதுப்பெண்கள் மாலையையும் அந்தக் குழியிலேயே போட்டார்கள். உங்கள் அம்மா போடவில்லை.

“குழியில போட்டா அது எங்க போவும்? அங்கேயேதானே ஊறும்? அவங்களும் வரட்டும். ரெண்டு பேருமா சேந்து ஓடுற தண்ணியிலதான் விடுவேன்” என்று சொல்லிவிட்டாள்.

மாலை இரண்டும் பீரோவுக்குள் போயின. அதற்கப்புறம்தான் பேச்சு கிளம்பியது. என் பெரியம்மா ஒருவர், வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், “மாலைய பீரோவுல பூட்டி வச்சிருக்கா. அவன் எங்கேந்து வீட்டுக்கு வருவான்? இவ ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், இப்படியேதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை. அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை டெலிபோன் பூத்துக்குப் போய், கார்டு தீர்வதற்குள் பேசுவோம். கொத்தனார் வந்தாரா, உரம் வாங்கியாச்சா, அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது, இதற்கே கார்டு தீர்ந்துவிடும். மற்றது எதுவும் அந்தப் பேச்சுக்குள் வராது.

அடுத்த ஆடி வருவதற்குள் அவளுக்கு விசிட் விசா கிடைத்தது. மூன்று மாதம். எங்கள் கம்பெனியில் பிக்கப் ஓட்டிய நண்பர், தரங்கம்பாடிக்காரர், லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர், ஒரு மலையாளி குடும்பத்தின் வீட்டில் மாடி அறையைப் பிடித்துக் கொடுத்தார். அவர் என்னை மாப்ள என்பார், நான் அவரை மச்சான் என்பேன். அதனால் உங்கள் அம்மா அவருக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள்.

விமான நிலையத்தில் அவள் வெளியே வரவே நேரமாயிற்று. எல்லோரும் வந்து போன பிறகு, முகமெல்லாம் வேர்த்து வந்தாள்.

“ஏன் இவ்வளவு நேரம்?”

“பெட்டியத் திறக்கச் சொன்னாங்க. இது என்ன இலைன்னு கேட்டு மோந்து மோந்து பாத்தாங்க.”

“எது?”

“மாலை. கல்யாண மாலைன்னு சொன்னேன், புரியல. கழுத்துல போட்டுக் காட்டினேன். அப்புறம் சிரிச்சிகிட்டே விட்டாங்க.”

அப்போதுதான் எனக்கு மாலை விஷயமும் பெரியம்மா பேச்சும் தெரிய வந்தன. பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். ரோஜா கறுத்து, சம்பங்கி வைக்கோலாகி, தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தன. ஜிகினாவை எல்லாம் ஊரிலேயே பிரித்து எடுத்துவிட்டிருந்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“இங்க ஆறு இருக்காங்க?”

“இங்க மழையே கிடையாது.”

“கடல் இருக்குல்ல? ஆறெல்லாம் அங்கதானே போவுது. நேரா அங்கயே விட்டுருவோம்.”

அந்தச் சமயத்தில் எங்கள் முன்னால் ஒரு கேள்வி இருந்தது. என் ஒப்பந்தம் முடிய இருந்தது. இன்னொரு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று சூப்பர்வைசர் கேட்டிருந்தார். சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். என் மாதிரி வேலைக்காரனுக்குக் குடும்ப விசா கிடையாது. கையெழுத்துப் போட்டால் அவள் விசா முடிந்து ஊருக்கு, நான் திரும்பவும் கேம்ப் கட்டிலுக்கு. போடுவது என்றுதான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். ஊரில் கட்டிக்கொண்டிருந்த வீடு லிண்டல் மட்டத்தில், ஜன்னல் உயரத்தோடு நின்றது. உங்கள் அம்மா போடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாலையை விட்டுவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பதுபோல அதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆடிப்பெருக்கு வேலை நாளில் வந்தது. அடுத்து வந்த வெள்ளிக்கிழமைதான் போக முடிந்தது. “நாள் தள்ளிப் போச்சே” என்றாள். “எங்க ஊரு கடைமடை. எங்களுக்குத் தண்ணி எப்பவும் ரெண்டு நாள் லேட்டாத்தான் வரும். அது வர்ற அன்னைக்குத்தான் எங்களுக்குப் பெருக்கு” என்றேன். சீர்காழிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் அது விளையாட்டுப் பேச்சு இல்லை. அவளும் ஒப்புக்கொண்டாள்.

வெயிலுக்கு முந்திப் போய்விட வேண்டும் என்று, விடிந்தும் விடியாமல் மச்சான் பிக்கப்பைக் கொண்டுவந்துவிட்டார். எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், வெல்லம் கலந்த காப்பரிசி எல்லாம் கட்டி வைத்திருந்தாள். தார் ரோடு முடிந்து சரளை ரோடு, அதுவும் முடிந்து மலை. உங்கள் அம்மா ஜன்னல் வழியாக வாய் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

“எங்க தாராசுரத்துக் கோயில இங்க கட்டிருக்கலாம்ணே. கல்லு ஏத்திட்டு வர்ற வேலை மிச்சம்.”

“கட்டிருக்கலாம் தங்கச்சி. குளத்துக்குத் தண்ணிக்கு எங்க போறது?” என்றார் மச்சான்.

வண்டியை நிறுத்திவிட்டு ஆடுகள் நடந்து போட்ட தடத்தில் இறங்கினோம். காலுக்குக் கீழே சரளை சறுக்கியது. ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியதும் அந்தச் சின்னக் குடா கண்ணில் பட்டது. யாருமே இல்லை. மணலில் நண்டு ஓடிய கோடு மட்டும் இருந்தது. அலை என்று சொல்ல முடியாது. பாலாடையை ஊதினால் ஒதுங்குமே, அந்த அளவுக்குத் தண்ணீர் வந்து மணலை நனைத்துவிட்டுப் போயிற்று. அடியில் கிடந்த கூழாங்கல் வரைக்கும் தெரிந்தது. நம் கடல் கலங்கியே இருக்கும், ஓயாமல் சத்தம் போடும். இது பேசாமல் இருந்தது. உங்கள் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி மெதுவாக நடந்தாள்.

மணலைப் பிடித்துப் பிள்ளையார் வைத்தாள். மஞ்சள், குங்குமம், காதோலை, கருகமணி எல்லாம் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். என் கையில் மஞ்சள் நூலைக் கட்டினாள். மச்சான் தள்ளி நிற்கப் போனார். “அண்ணே, கையக் காட்டுங்க” என்று அவருக்கும் ஒன்று கட்டினாள். “ஞாயித்துக்கிழம ஐயரு கேட்டா என்ன சொல்றது?” என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார். அவர் ஐயர் என்றது அவருடைய சபைப் போதகரை.

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் முழங்கால் ஆழத்தில் நின்று, இரண்டு மாலையையும் ஒன்றாகச் சேர்த்துத் தண்ணீரில் வைத்தோம். மிதந்தது. கும்பிட்டோம். ஆற்றில் என்றால் குனிந்து விட்டு நிமிர்வதற்குள் மாலை பத்து வீடு தாண்டிப் போயிருக்கும். நின்று பார்த்துக்கொண்டிருக்கிற வழக்கமே கிடையாது. அதனால் நாங்களும் திரும்பிக் கரைக்கு வந்து, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தோம்.

“மாப்ள” என்றார் மச்சான். “பார்சல் ரிட்டர்ன் வந்துருச்சு.”

திரும்பிப் பார்த்தால், உங்கள் அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் மணலில் கிடக்கிறது மாலை.

திரும்பவும் கொண்டுபோய் விட்டோம், இந்தத் தடவை இடுப்பு ஆழத்தில். நின்று பார்த்தோம். அது நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல், எங்களைத் தாண்டிக்கொண்டு கரைக்குப் போயிற்று. இரண்டு பக்கமும் பாறை அடைத்திருக்கிற இடத்தில் எதை விட்டாலும் உள்ளேதான் சுற்றி வரும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஓடுகிற தண்ணீரை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள். தண்ணீர் என்றால் கொண்டுபோய்விடும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

“மச்சான், நீங்க கடக்கர ஊருதானே? ஏதாவது செய்யுங்க” என்றேன்.

“எங்கப்பா டெய்லர் மாப்ள. ஜன்னல் வழியா கடலப் பாத்துகிட்டே சட்டைக்குக் காஜா எடுத்தவன் நான். பாத்துருக்கேன், அவ்வளவுதான். எறங்குனதில்ல.”

ஆனாலும் அவர் மாலையை எடுத்துக்கொண்டு பாறை மேல் ஏறி, கையைச் சுழற்றி வீசினார். காற்று எதிர்த்து வந்தது. மாலை பாதி தூரம் போய் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து கரையைப் பார்க்கத் திரும்பியது. அதற்குள் மலை மேலிருந்து இரண்டு ஆடுகள் இறங்கி வந்து மணலில் காத்துக்கொண்டு நின்றன.

“தங்கச்சி, ஆட்டுக்குப் போட்டுருவமா? ஆடு எப்படியும் ஊரெல்லாம் சுத்தும்.”

நான் சிரித்துவிட்டேன். உங்கள் அம்மா கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும்தான், பெரியம்மா சொன்ன பேச்சு அவளுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நாம் இரண்டு பேரும் ஓரிடத்தில் இருக்கப்போகிறோமா இல்லையா என்ற கேள்வியை அவள் என்னிடம் கேட்கவே இல்லை. அந்த மாலையிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அது மூன்றாவது தடவையும் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“போதும், விடு. மண்ணத் தோண்டிப் பொதச்சுட்டுப் போவோம்” என்றேன்.

“பொதைக்கறதுக்கா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தேன்?”

ஓர் ஆட்டின் வாய்க்கு முன்னாலிருந்து மாலையைப் பிடுங்கினாள். உதறினாள். இரண்டையும் சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகி, முந்தானையைச் சுற்றி இறுக்கினாள். என்ன செய்கிறாள் என்று நான் கேட்பதற்குள் தண்ணீருக்குள் நடந்தாள். இடுப்பு, மார்பு, கழுத்து. அப்புறம் கால் தரையில் இல்லை. கை மட்டும் மாறி மாறித் தண்ணீருக்கு மேலே வந்து போயிற்று.

நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். மார்பு ஆழம் வரைக்கும் ஓடினேன். அதற்கு மேல் போக முடியவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் முட்டிக்கு மேல் வந்ததில்லை. குளத்தில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. பின்னால் மச்சான் பாறை மேல் நின்றுகொண்டு, “கர்த்தரே, கர்த்தரே” என்கிறார். அவருக்கும் தெரியாது. ஆண்கள் இரண்டு பேரும் அப்படி நின்றோம்.

அவள் போய்க்கொண்டே இருந்தாள். பாறைகளின் கை முடிகிற இடம் வரைக்கும் போனாள். அங்கே தண்ணீரின் நிறம் மாறியிருந்தது, வெளிர் பச்சை முடிந்து கருநீலம் தொடங்கியது. அந்தக் கோட்டில் நின்று (நின்றாள் என்றுதான் எனக்குத் தோன்றியது, மிதந்திருப்பாள்) தலை வழியாக மாலையைக் கழற்றினாள். தள்ளிவிட்டாள். மாலை பக்கவாட்டில் நகர்ந்தது. பாறையைத் தாண்டியது. அப்புறம் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது மல்லாந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு, காலை மட்டும் அசைத்து வந்தாள். ஏதோ வீட்டுக் கொல்லையில் நடந்து வருகிற மாதிரி. அந்தக் காலை வெயிலும், பின்னால் நின்ற மொட்டை மலையும், கண்ணாடி மாதிரி தண்ணீரும், அதில் அவள் மல்லாந்து வந்ததும் இன்றைக்கும் எனக்குக் கண்ணை மூடினால் அப்படியே வரும். அப்போது போட்டோ எடுக்க எங்களிடம் கேமரா இல்லை.

கரைக்கு வந்ததும் முந்தானையைப் பிழிந்தாள். எனக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

“உனக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாமயா போயிட்டு வந்தேன்?”

“எப்பக் கத்துகிட்ட?”

“ஆறாவது படிக்கறப்ப. அரசலாத்துல. எங்க தெருப் பொண்ணுங்க எல்லாருக்கும் தெரியும்.”

“எங்கிட்ட சொன்னதே இல்லையே?”

“நீங்க எப்பக் கேட்டீங்க? உரம் வாங்கியாச்சான்னு கேட்டீங்க. வாங்கியாச்சுன்னு சொன்னேன்.”

மச்சான் பாறையிலிருந்து இறங்கி வந்து மணலில் பொத்தென்று உட்கார்ந்தார். “தங்கச்சி, ஒனக்கு வேற என்னெல்லாம் தெரியும்? இப்பவே சொல்லிரு. எனக்கு நெஞ்சு தாங்காது.”

“சைக்கிள் தெரியும்ணே. மாட்டு வண்டி ஓட்டுவேன். தென்னமரம் பாதி வரைக்கும் ஏறுவேன்.”

“பாதி வரைக்குமா?”

“அதுக்குள்ள எங்கப்பா பாத்துட்டாரு.”

தயிர் சாதத்தைப் பிசைந்து எங்கள் இரண்டு பேர் கையிலும் உருட்டி வைத்தாள். பசி அவளுக்குத்தான் அதிகம், ஆனாலும் எங்களுக்குத்தான் முதலில் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தென்னை மரம் ஏறிய கதையை மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாம்பு ஒன்று வந்தது, யாரோ கீழே விழுந்தார்கள், நான் கேட்டிராத பெயர்கள் எல்லாம் வந்தன. என் மனைவியின் கதையை நான் மச்சானோடு சேர்ந்து உட்கார்ந்து, அவரைப் போலவே புதுசாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு ஒப்பந்தம் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பூத்தில் நின்று பேசினால் இதில் ஒன்றாவது எனக்குத் தெரிய வருமா என்று நினைத்தேன். கார்டுக்குள் இது அடங்காது.

வெயில் ஏறிவிட்டது. மணல் சுட ஆரம்பித்தது. ஆடுகள் மீதியிருந்த காப்பரிசிக்கு வந்தன, கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

வண்டியில் வரும்போது, “மச்சான், நான் கையெழுத்துப் போடல” என்றேன்.

அவர் சட்டென்று பிரேக் பிடித்தார். உங்கள் அம்மா முன்னால் சாய்ந்து நிமிர்ந்தாள்.

“யோசிச்சு சொல்லு மாப்ள. வீடு லிண்டல்ல நிக்குது.”

“நிக்கட்டும்.”

“அவசரப்படாதீங்க” என்றாள் உங்கள் அம்மா, வெளியே பார்த்துக்கொண்டே. “கடத் தண்ணி குடிச்ச மயக்கத்துல ஏதாவது சொல்லுவீங்க.”

“குடிச்சது நீ. நான் நெஞ்சு வரைக்கும்தான் எறங்குனேன்.”

அவள் ஈரக் கூந்தலை அவிழ்த்து, ஜன்னல் காற்றில் உலரவிட்டாள். மச்சான், “நீயும் போயிட்டா வெள்ளிக்கிழமைக்கு எனக்கு யாரு இருக்கா?” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் அறைக்குப் போனேன். அவர் நல்ல மனிதர். விசிட் விசாவுக்கே அவர்தான் கடிதம் கொடுத்தார். ஊருக்குப் போகிறேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். சம்பளம் போதவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். யாருக்காவது உடம்பு சரியில்லையா, வேறு கம்பெனியில் கூப்பிடுகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினேன். அப்படியென்றால் காரணம்தான் என்ன என்றார்.

என் மனைவிக்கு நீந்தத் தெரியும் சார், அது எனக்கு நேற்றுதான் தெரிந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? “வீட்டுல வேலை பாதியில கெடக்கு சார்” என்றேன். அதுவும் பொய் இல்லை. அவரும் கட்டட வேலைக்காரர்தான். சரி என்று தலையை அசைத்து, ஃபைலை மூடினார்.